எண்பது வயதுக்கு மேல் சாகுபடி இல்லை

என் பெயருக்குக் கீழே ‘மூத்த மென்பொருள் வல்லுநர்’ என்று அச்சடித்த விசிட்டிங் கார்டு கைக்கு வந்தபோது நான் வேலையில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தக் கம்பெனியில் எனக்கு மூத்தவராக இருந்த ஒரே ஆள் முந்தின வாரம் சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டார். எனக்கு இளையவர் என்று யாரும் கிடையாது. ஆகவே நான் மூத்தவன். இந்தத் துறையில் முன்னேறுவது எப்படி என்று இப்போது கல்லூரிகளில் கூப்பிட்டு வைத்துக் கேட்கிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரன் எழுந்து போகும்வரை நீ எழுந்திருக்காதே என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. அதை மேடையில் சொன்னால் சால்வையைத் திரும்பக் கேட்பார்கள். அதனால் ‘தொடர்ந்து கற்றுக்கொண்டே இருங்கள்’ என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

கம்பெனி தஞ்சாவூர்ப் புதிய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. மூன்று கணினி, நாலு நாற்காலி, ஒரு ஏ.சி. அந்த ஏ.சி. கணினிகளுக்காகப் போட்டது. நாங்கள் அதில் ஓசியில் குளிர்காய்ந்தோம் என்று சொல்ல முடியாது, நடுங்கினோம். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். முதலாளி கூத்தாநல்லூர்க்காரர். சவூதியில் பல வருடம் கடை நடத்திவிட்டு ஊர் திரும்பியவர். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஜவுளிக் கடை போடச் சொன்னபோது இவர் கணினிக் கம்பெனி போட்டார்.

“தம்பி, ஜவுளின்னா சரக்கு வாங்கி அடுக்கணும். இதுல சரக்கு ஒங்க மண்டைக்குள்ளல்ல இருக்கு. குடோன் வாடகை மிச்சம்” என்பார்.

சென்னைக்குப் போக நானும் முயற்சி செய்யாமல் இல்லை. படித்து முடித்த வருடம் நாலு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். நாலு இடத்திலும் முதல் கேள்வி, உன்னைப் பற்றிச் சொல் என்பது. ஆங்கிலத்தில் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவனைப் பற்றிச் சொல்வதென்றால் அவன் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். நானும் அப்படியே ஆரம்பித்தேன். நான் என் அப்பாவைத் தாண்டி என்னிடம் வந்து சேர்வதற்குள் அவர்கள் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகுதான் பாத்திரக் கடை மாடி.

அந்த மாடியில் நாங்கள் செய்ததெல்லாம் பெரும்பாலும் அரசாங்க வேலை. யாரோ எடுத்த காண்டிராக்டை யாரோ வாங்கி, அவரிடமிருந்து எங்கள் முதலாளி வாங்குவார். அரசாங்க மென்பொருள் எழுதுகிறவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது தலைவர் படம். கணினியைத் திறந்ததும் முதல் திரையில் முதலமைச்சர் சிரிக்க வேண்டும். எங்கள் மாநிலத்தில் அந்தச் சிரிப்பு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாறும். ஒரு தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலை தாலுக்கா அலுவலகத்தில் பழைய படத்தோடு திரை திறந்துவிட்டது. அதிகாரி எனக்குப் போன் செய்து, திட்டக்கூட வாய் வராமல் மூச்சு வாங்கினார். அன்றைக்கே இரண்டு தலைவர்களின் படத்தையும் தனித்தனிக் கோப்பில் வைத்து, ஒரு எண்ணை மாற்றினால் படமும் கரை நிறமும் வாழ்த்து வாசகமும் சேர்ந்து மாறும்படி எழுதிக் கொடுத்தேன். எங்கள் மென்பொருளிலேயே ஒழுங்காக யோசித்து வடிவமைத்த பகுதி அது ஒன்றுதான்.

குத்தகைப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் வேலை இந்தச் சமயத்தில்தான் வந்தது. ஒரே ஒரு தாலுக்காவுக்கு, பரீட்சார்த்தமாக. அது நான் பிறந்த தாலுக்கா.

குத்தகைப் பதிவேடு என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் நிலத்தில் பெரும்பகுதி ஒரு மடத்துக்குச் சொந்தம். தாத்தா காலத்தில் எங்கள் தெருக்காரர்கள் அதில் முதலில் கூலிக்கும் பிறகு குத்தகைக்கும் உழுதவர்கள். சங்கம் வந்தது, கொடி வந்தது, அடிதடி வந்தது, போலீஸ் வந்தது, எல்லோருக்கும் கடைசியாகச் சட்டம் வந்தது. குத்தகைக்குப் பயிர் செய்கிறவனின் பெயரை அரசாங்கம் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கும். எழுதிவிட்டால் அவனை நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது. எங்கள் தெருவில் வீட்டுக்கு நாலு மா நிலம் அப்படிப் பதிவானது. அதாவது ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. அந்தப் பதிவேட்டில் பேர் ஏறுவதற்காகத் தாத்தா இரண்டு முறை அடி வாங்கினார், ஒரு முறை சிறைக்குப் போனார்.

தாத்தா செத்த பிறகு பேரை மாற்ற யாரும் போகவில்லை. போனால் மடத்துக் காரியஸ்தர் ஆட்சேபணை எழுதிக் கொடுப்பார். ஆட்சேபணை வந்தால் வழக்கு, வழக்கு வந்தால் வாய்தா, வாய்தா முடிவதற்குள் மகனும் போய்ச் சேர்ந்துவிடுவான். அதனால் எங்கள் பக்கத்தில் குத்தகைதாரர்கள் சாவதில்லை. ஆளைக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு, பேரை மட்டும் பதிவேட்டில் உழவு ஓட்ட விட்டுவிடுவோம். மகன் உழுவான், அப்பன் பேரில் ரசீது வாங்குவான். அந்தத் தாலுக்காவில் ஆடு மேய்க்கிறவருக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் மறந்துவிட்டது.

பதிவேடுகள் சிவப்புத் துணியில் கட்டி வந்தன. பிரித்தால் தாளும் தூசியும் சரிபாதி. அதைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேதாரண்யத்துப் பெண் ஒருவரை முதலாளி அமர்த்தியிருந்தார். மாமா வீட்டில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தவர். வேகமாக அடிப்பார், அதைவிட வேகமாகக் கவனிப்பார். ஒருநாள் கையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“சார், இந்த ஊர்ல எல்லாருக்கும் அறுவது வயசுன்னே போட்டிருக்கு சார். ஒருத்தருக்குக்கூட அம்பத்தொம்போது இல்ல.”

எட்டிப் பார்த்தேன். அது எங்கள் ஊர்தான். முப்பது வருடத்துக்கு முன் பதிவேடு எழுதிய கர்ணம் எங்கள் தெருவுக்குள் வந்திருக்க மாட்டார். தெருமுனையில் சைக்கிளில் உட்கார்ந்தபடியே பேரைக் கேட்டு எழுதியிருப்பார். வயது கேட்டால் எங்கள் ஆட்கள் எந்த வெள்ளத்துக்கு எத்தனை மாதம் முன்னால் பிறந்தோம் என்று ஆரம்பித்திருப்பார்கள். அவர் எதற்கு வம்பு என்று தெரு முழுவதற்கும் அறுபது போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சிரிப்பு வந்தது.

“இருக்கறத அப்படியே அடிங்கம்மா. யோசிக்கிறது நம்ம வேலை இல்ல” என்றேன்.

மூத்த வல்லுநர் அல்லவா, சொல்லலாம்.

ஏற்றி முடித்ததும் பட்டியலைக் கொண்டுபோய் அதிகாரியிடம் கொடுத்தோம். நல்ல மனிதர், கோப்பு தடியாக இருந்தால் மட்டும் பிடிக்காது. புரட்டிப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, பாதிப்பேரு செத்தவங்களா இருப்பாங்க போலருக்கே. சுத்தம் பண்ணிக் குடுங்க. மேலேருந்து சுத்தமான டேட்டா கேக்குறாங்க” என்றார்.

சுத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் படிப்பெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. தரவு சரிபார்ப்பு பற்றிக் கல்லூரியில் ஒரு முழுப் பருவமும் பாடம் நடத்தியிருந்தார்கள். மாடிக்கு வந்து மூன்றே மூன்று வரி எழுதினேன். பதிவேட்டில் உள்ள வயதோடு பதிவான நாளிலிருந்து இன்றுவரை உள்ள வருடங்களைக் கூட்டு. எண்பதைத் தாண்டினால் அந்தப் பேரைச் செயலற்றது என்று குறி. செயலற்றதை அச்சிடாதே. ஓட்டினேன். பட்டியல் பாதியாக இளைத்தது. தாளின் அடியில் ‘இது கணினியால் உருவாக்கப்பட்டது, கையொப்பம் தேவையில்லை’ என்று ஒரு வரியும் சேர்த்தேன். அந்த வரியில் எனக்கு அவ்வளவு பெருமை. கையொப்பம் போடத் தெரியாத தெருவில் பிறந்தவன் கையொப்பமே தேவையில்லாத ஒரு தாளை உண்டாக்கிவிட்டேன் என்று தோன்றியது.

கையொப்பம் தேவையில்லை என்று தாளே சொன்னாலும் அதிகாரி போட்டார், மொத்தப் பட்டியலுக்கும், இறுதி என்ற முத்திரையோடு. எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அப்பா அதைக் கண்ணாடி போட்டு, வீட்டுச் சுவரில் சங்கத் தலைவர்கள் இருவரின் படங்களுக்கு நடுவே மாட்டினார். “தாலுக்கா ஆபீஸுக்கே பொட்டியில எழுதிக் குடுக்குறான்” என்று தெருவில் சொல்லிக்கொண்டார். அதுவரை சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போன கிராம நிர்வாக அலுவலர், அப்பாவைக் கண்டால் ஒரு காலை ஊன்றி நின்று நலம் விசாரிக்கத் தொடங்கியிருந்தார்.

ஆனியில் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது. குறுவைக்கு விதை விடுகிற நேரம். ஒருநாள் முற்பகல் பதினொரு மணிக்கு அப்பா பாத்திரக் கடை மாடிக்கு வந்து நின்றார். என் அலுவலகத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. செருப்பை வெளியே விட வேண்டும் என்று யாரும் சொல்லாமலே விட்டுவிட்டு வந்திருந்தார். நாலாவது நாற்காலியில் உட்காரச் சொன்னேன். அது சுழலும் என்று தெரியாமல் உட்கார்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி, சுவரைப் பார்த்து நின்றார். வேதாரண்யத்துப் பெண் எழுந்துபோய் அவரை என் பக்கம் திருப்பிவிட்டார்.

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நாலாக மடித்த தாள்.

“மடத்துக் காரியஸ்தரு குடுத்தாருப்பா. ஒங்க தாத்தா பேரு கம்ப்யூட்டர்ல இல்ல, பேரு இல்லாதவன் விதை விடக்கூடாதுங்கிறாரு. தெருவுல ஒருத்தரு பேரும் இல்லியாம். இது நீ அடிக்கிற மிஷினு தானே?”

எங்கள் ஊர்ப் பட்டியல் அது. மேலே ஊர்ப் பேர், கீழே என் அருமையான வரி. நடுவில் எங்கள் தெருக்காரர் ஒருவரும் இல்லை. அறுபதும் முப்பதும் தொண்ணூறு. கர்ணம் ஒரே வயது எழுதினாரா, நான் ஒரே அடியில் தெருவையே தீர்த்துவிட்டேன். தாத்தாவை அடித்தவர்களால் முடியாத காரியம். அவர்களுக்கு மூன்று வரியில் எழுதத் தெரியவில்லை.

நிலம் தாத்தா பேரில்தான் இருக்கிறது என்பதை நான் அன்றுதான் யோசித்தேன். தாலுக்கா முழுவதன் காகிதத்தையும் கணினியில் ஏற்றியவன், சொந்த வீட்டு ரசீதில் யார் பேர் இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. நம்ம வயல் என்று அப்பா சொல்வார், நான் சாப்பிடுவேன்.

நான் செய்ய வேண்டியிருந்தது மிகச் சின்ன வேலை. அந்த மூன்று வரியை எடுத்துவிட்டு மறுபடி அச்சிட வேண்டும், அவ்வளவுதான். தெருவே உயிர் பெற்றுவிடும். ஆனால் இறுதி என்று கையெழுத்தான பட்டியலின் எண்ணிக்கை மாறும். ஏன் என்று கேட்பார்கள். என் தப்பு என்று சொல்ல வேண்டி வரும். அந்த வாரம்தான் சென்னைக் கம்பெனி ஒன்று, நல்ல கம்பெனி, என்னை எடுத்துக்கொள்ளச் சம்மதித்து, இப்போதைய முதலாளியிடமிருந்து ஒரு சான்றுக் கடிதம் மட்டும் கேட்டிருந்தது. குத்தகைப் பதிவேட்டைப் பிழையின்றி முடித்தவர் என்று முதலாளி எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

தாத்தாவின் வரியை மட்டும் திறந்தேன். வயது அறுபது என்பதை முப்பது ஆக்கினேன். தாத்தா அறுபது வயதுக் குத்தகைதாரராக எழுந்து உட்கார்ந்தார். பட்டியலில் ஒரே ஒரு பேர்தான் கூடும், யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. அச்சிட்டு அப்பாவிடம் கொடுத்தேன்.

அப்பா தாளை முகத்துக்கு அருகே வைத்து அவருடைய அப்பா பேரை எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“மத்தவங்களுக்கும் சேத்துப் பண்ணிடுவல்ல?”

“பண்ணிடுறேன்ப்பா” என்றேன்.

கீழே அழைத்துப் போய் மெஸ்ஸில் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். ரசம் நன்றாக இருக்கிறது என்றார். பஸ் ஏற்றிவிட்டு வந்து, மற்றவர்களுக்குப் பண்ணுவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட்டேன். கடிதம் கைக்கு வரட்டும், பிறகு செய்யலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றுவரை ஒரு நல்ல காரணம் கண்டுபிடிக்க முயன்று வருகிறேன். பயம்தான், வேறொன்றுமில்லை.

பத்து நாள் கழித்து எங்கள் எதிர்வீட்டுக்காரர் வந்தார். எனக்குச் சித்தப்பா முறை. அவருடைய அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால், பதிவேடு எழுதும்போது இருபத்து நாலு வயதுப் பிள்ளையாக இருந்த இவர் பேரிலேயே குத்தகை பதிவானது. கர்ணம் இவருக்கும் அறுபதுதான் போட்டிருந்தார். ஆகவே இப்போது ஐம்பதைக் கொஞ்சம் தாண்டி, மீசை முழுக்க நரைக்காத மனிதர், என் கணக்குப்படி தொண்ணூறு வயதாகிச் செத்துப்போயிருந்தார்.

கையில் இரண்டு தாள் வைத்திருந்தார். ஒன்று காரியஸ்தர் கொடுத்தது. இன்னொன்று நான் அப்பாவுக்குக் கொடுத்ததன் ஜெராக்ஸ். அப்பா தெருவெல்லாம் காட்டி, என் பையன் சரிபண்ணிட்டான், உங்களுக்கும் வந்துடும் என்று சொல்லியிருந்தார். இவர் நம்பி விதை விட்டிருக்கிறார். இவருடைய நாலு மா ரோட்டோரம் இருப்பது. ஆளும் கட்சிக் கிளைச் செயலாளரின் மச்சானுக்கு அதன் மேல் ரொம்ப நாளாகக் கண். காரியஸ்தர் போலீஸையும் டிராக்டரையும் கூட்டிக்கொண்டு வந்து, முளைத்திருந்த நாற்றங்காலை உழுது போட்டுவிட்டார். பேரில்லாத ஆளின் பயிர், கேட்பதற்கு யாருமில்லை.

இதையெல்லாம் சித்தப்பா சத்தம் போடாமல்தான் சொன்னார். பிறகு இரண்டு தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“தம்பி, ஒங்க தாத்தா செத்தப்ப பாடைக்கு மூங்கி வெட்டுனது நானு. அவரு பேரு இதுல இருக்கு. நான் ஒங்க முன்னாடி நிக்கிறேன். என் பேரு இல்ல. அது எப்புடிங்க தம்பி?”

என்னை அவர் நீங்க என்று சொன்னது அன்றுதான். என் தொழில் வாழ்க்கையிலேயே மிகக் கேவலமான வாக்கியத்தை நான் அப்போது சொன்னேன். பழக்கதோஷம், தானாக வந்துவிட்டது.

“உயிரோட இருக்கீங்கன்னு ஏதாவது ஆதாரம் வெச்சிருக்கீங்களா சித்தப்பா?”

வேதாரண்யத்துப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சித்தப்பாவுக்குக் கோபம் வரவில்லை. சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

“ரேஷன் கார்டு வீட்டுல இருக்கு. எடுத்தாரட்டுமா?” என்றார். உண்மையாகவே கேட்டார். எழுந்தும் விட்டார். இரண்டு பஸ் மாறி ஊருக்குப் போய், கார்டை எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறித் திரும்பி வருவதற்கு.

அவரை உட்கார வைத்தேன். மூன்று வரியையும் எடுத்தேன். டீ சொல்லி அனுப்பியிருந்தோம், டீ வருவதற்குள் தாலுக்கா முழுவதும் செத்தவர்களும் சாகாதவர்களும் பட்டியலுக்குத் திரும்பிவிட்டார்கள். அவர் வரியைத் திறந்து, சரியான வயது என்ன போடட்டும் என்று கேட்டேன்.

“நீங்களே போடுங்க தம்பி. மின்ன அவரு போட்டாரு, இப்ப நீங்க போடுறீங்க. நான் சொல்லி என்னா ஆவப்போவுது.”

ஐம்பத்து நாலு என்று போட்டேன். மாலையில் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், கடிதம் போயிற்று என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் வெற்றிலைச் சீவலை மென்றபடி முழுவதையும் கேட்டார்.

“மொதல்ல போட்டது வெர்ஷன் ஒன்னு. இது வெர்ஷன் ரெண்டு. பழைய குத்தகைதாரரை மீட்கும் வசதின்னு தலைப்புப் போட்டு ஒரு லெட்டர் அடிங்க” என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “அந்தப் பெரியவருக்கு நம்ம செலவுல ஒரு வக்கீல் பாத்து விடுங்க தம்பி. அந்தப் பாவம் நமக்கு வாணாம்” என்றார். அந்தக் கம்பெனியில் அன்று தலைகுனிந்த ஒரே ஆள் அவர்தான், நானல்ல.

அதிகாரி கடிதத்தைப் படித்தார். புதிய வசதி என்றதும் மகிழ்ந்துவிட்டார். இறுதிப் பட்டியலுக்கு மேல் இன்னொரு இறுதிப் பட்டியலுக்குக் கையெழுத்துப் போட்டார். எண்ணிக்கை ஏன் மாறியது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் பத்து நாள் பயந்து செத்தது அந்தக் கேள்விக்குத்தான். தெருவில் மற்றவர்கள் விதை விட்டார்கள், நட்டார்கள். சித்தப்பாவின் நாலு மாவில் மட்டும் அதற்குள் கிளைச் செயலாளரின் மச்சான் இறங்கி நட்டுவிட்டிருந்தார். நட்டவனை வெளியேற்ற உத்தரவு வேண்டும், உத்தரவுக்கு வழக்கு வேண்டும். வழக்குப் போட்டார்கள். வாய்தா ஆரம்பித்தது.

எனக்குக் கடிதம் கிடைத்தது. பிழையின்றி என்ற சொல்லை முதலாளி வெட்டவில்லை, நானும் வெட்டச் சொல்லவில்லை. சென்னைக்குப் போனேன். அங்கே சேருவதற்கு முன் கடைசியாக ஒரு சந்திப்பு வைத்து, நீங்கள் செய்த பெரிய தவறு ஒன்றையும் அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள் என்றார்கள். இந்த முறை நான் அப்பாவிடமிருந்து ஆரம்பிக்கவில்லை. சரிபார்ப்பு விதியில் ஒரு பிழை, பயனாளர் ஒருவர் மூலம் தெரிய வந்தது, டீ குடிக்கும் நேரத்தில் தாலுக்கா முழுவதையும் மீட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பொறுப்பை ஏற்கும் குணம் என்று பாராட்டினார்கள். அதையே பின்னால் இன்னும் மூன்று கம்பெனிகளில் சொல்லி, ஒவ்வொரு முறையும் சம்பளத்தை ஏற்றிக்கொண்டேன். பயனாளர் என்னவானார் என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு பொங்கல் விட்டு அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ரோட்டோரத்து நாலு மாவில் ஆட்கள் வரிசையாகக் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். கூலி ஆட்கள். அந்த வரிசையில் சித்தப்பாவும் இருந்தார். தன் வயலில், அடுத்தவர் கூலிக்கு. என்னைப் பார்த்துவிட்டு அரிவாளோடு வரப்புக்கு ஏறி வந்தார். ஓடிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது.

“வேலையெல்லாம் நல்லா போவுதுங்களா தம்பி?”

“போவுதுங்க சித்தப்பா.”

“ஒன்னே ஒன்னு கேக்கணும். அந்தக் கம்ப்யூட்டர்ல என் பேரு இருக்குல்ல? அழிஞ்சி கிழிஞ்சி போயிடலியே? அது இருக்கிற வரைக்கும் கேசு நிக்கும்னு வக்கீலு சொல்றாரு.”

நான் அந்த வேலையை விட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அந்தக் காண்டிராக்ட் எங்கள் முதலாளியிடமிருந்து கைமாறி, வேறு யாரோ புதிதாக எழுதிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அவர்கள் எதை ஏற்றினார்கள், எதைச் சுத்தம் செய்தார்கள் என்று எனக்கு ஒன்றும் தெரியாது.

“இருக்கு சித்தப்பா. பத்திரமா இருக்கு” என்றேன்.

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய், வரிசையில் விட்ட இடத்தில் குனிந்தார்.